மதுரையில் செல்லும் திருமணம் லண்டனில் செல்லுமா?

கேள்வி: "தாய்மாமனை மணந்த என் தோழி, கணவருடன் லண்டனுக்குக் குடிபெயரப் போகிறாள். அந்த நாட்டில் அவர்கள் திருமணமே செல்லாது என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். உண்மையா? எந்தத் திருமணம் செல்லாது என்பது நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறுகிறது?"

முதலில் தோழியின் பயத்துக்குப் பதில். மதுரையில் முறைப்படி நடந்த திருமணம் விமானம் ஏறியதால் செல்லாததாகிவிடாது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் வெளிநாட்டுத் திருமணத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும். சடங்கு சரியாக நடந்ததா என்பதைத் திருமணம் நடந்த இடத்தின் சட்டம் முடிவு செய்யும். இந்த இருவரும் ஒருவரையொருவர் மணக்கத் தகுதி உள்ளவர்களா என்பதை, மணக்கும்போது அவர்களுடைய நிரந்தர வசிப்பிடமாக இருந்த ஊரின் சட்டம் முடிவு செய்யும். கெய்ரோவில் மணந்த ஒரு யூதத் தம்பதி, மாமனும் மருமகளும், அதாவது அவருடைய உடன்பிறந்தவரின் மகளும். அவர்களுடைய திருமணம் செல்லும் என்று 1960களிலேயே லண்டனில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதே உறவுள்ள இருவர் இங்கிலாந்தையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டு அங்கே பதிவு அலுவலகத்துக்குப் போனால் கதை வேறு. 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் அது இருக்கிறது. மீறி மணந்தால் தொடக்கம் முதலே செல்லாது.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். குடியேற்ற விதிகளும் குற்றவியல் சட்டமும் திருமணச் சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புறப்படும் முன் அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் அந்த இரண்டையும் கேட்டுவிடுவது நல்லது. திருமணப் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நம் ஊரில் பலருக்குத் தெரியாத செய்தி, இந்து திருமணச் சட்டமும் இந்த உறவை முதலில் தடுக்கவே செய்கிறது என்பது. 1955ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் மாமன்-மருமகள் மட்டுமல்ல, அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும்கூட விலக்கப்பட்ட உறவுதான். அதாவது அத்தை மகனும் மாமன் மகளும். 'இருவருக்கும் உரிய வழக்கம் அனுமதித்தால் தவிர' என்ற ஒரு விதிவிலக்கு மட்டுமே தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றி நிற்கிறது. வழக்கம் நெடுங்காலமாக, தொடர்ந்து, ஒரே சீராகப் பின்பற்றப்பட்டிருக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, வழக்கம் உண்டு என்று சொல்பவருடையது. மதுரையில் இது பெரிய சிக்கலே இல்லை. டெல்லியில் தூரத்து உறவினரை மணந்த ஒரு பெண்ணுக்கு அந்த நிரூபணம் கிடைக்கவில்லை. சபிண்ட உறவு, அதாவது சட்டம் வரையறுத்த தலைமுறைகளுக்குள் ஒரே மூதாதையர் வழி வந்தவர்கள் என்று சொல்லி 2007இல் அவர் திருமணம் செல்லாதென அறிவிக்கப்பட்டது. அந்தச் சட்டப்பிரிவே அரசியலமைப்புக்கு விரோதம் என்று அவர் தொடுத்த வழக்கையும் 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பாக்கு நீரிணையைத் தாண்டினால் வழக்கம் என்ற கதவே இல்லை. இலங்கையின் பொதுத் திருமணப் பதிவுச் சட்டம்தான் யாழ்ப்பாணத் தமிழர்களுக்கும் பொருந்துகிறது. சகோதரன் மகளோ சகோதரி மகளோ கூடாது என்று அது நேராகவே சொல்லிவிடுகிறது. மச்சான் மச்சாளை மணப்பதில் அங்கே தடையில்லை. மலேசியா இதற்கு நேர்மாறு. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் மாமன்-மருமகள் உறவைப் பொதுவாகத் தடுத்துவிட்டு, இந்து ஒருவர் தம் வழக்கப்படி சகோதரி மகளை மணப்பதை இது தடுக்காது என்று தனியே ஒரு வரி சேர்த்திருக்கிறது. தோட்டங்களில் குடியேறிய தமிழர்களை நினைத்து எழுதப்பட்ட வரி என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலமும் இதே போல யூதர்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஜெர்மனிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. நேர்வழி உறவும் உடன்பிறப்பும் மட்டுமே அங்கே தடை. மாமன் மருமகளை மணக்கலாம். மாமன் மகளை மணக்க இங்கிலாந்திலும் யாரிடமும் வழக்கம் நிரூபிக்க வேண்டாம், ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது தடை. 'மேலைநாட்டில் சொந்தத்தில் கட்டக் கூடாது' என்று ஒரே வரியில் சொல்பவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

இனி உங்கள் பொதுக் கேள்வி. செல்லாத திருமணம் என்று நாம் சொல்வதற்குள் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொடக்கம் முதலே செல்லாதது. நீதிமன்றம் அதை அறிவிக்கிறது, புதிதாக உடைப்பதில்லை. மற்றொன்று ரத்து செய்யத்தக்கது. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு வெல்லும்வரை அது முழுமையான திருமணம்தான். அவர் போடவில்லை என்றால் ஆயுள் முழுக்கச் செல்லும். இந்தியாவில் இந்துக்களுக்கு இருதார மணமும் விலக்கப்பட்ட உறவும் முதல் வகை. ஆண்மையின்மை, மனநலக் குறைபாடு, வற்புறுத்தல், மோசடி, மணக்கும்போதே வேறொருவரால் கருவுற்றிருப்பது ஆகியவை இரண்டாம் வகை. இங்கிலாந்தின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே அச்சுதான். நம் சட்டத்துக்கு மூத்தது ஆங்கிலேயர் மரபு என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் இருதார மணத்தில் இருக்கிறது. முதல் மனைவி உயிரோடிருக்க இரண்டாவது தாலி கட்டினால், அந்தத் தாலி வெறும் கயிறு என்கிறது நம் சட்டம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருதார மணம் குற்றம்தான். ஆனால் இரண்டாம் திருமணம் எப்படியோ பதிவாகிவிட்டால், நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அது நிற்கும். ரத்தும் அன்றிலிருந்துதான், பின்னோக்கிப் போகாது. கேட்டவுடன் இது தளர்வான சட்டம் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் மனைவி இருப்பதே தெரியாமல் கழுத்தை நீட்டியவளைத் தீர்ப்பு நாள்வரை மனைவியாகவே வைத்திருப்பதால், அவளுக்கு நியாயம் செய்ய அங்கே ஒரு பிடி இருக்கிறது.

இந்தியாவில் அந்தப் பிடி இல்லாமல் பெண்கள் பட்ட பாடு நீண்டது. ஏமாற்றப்பட்ட இரண்டாவது மனைவி சட்டப்படி மனைவியே அல்ல, ஆகவே ஜீவனாம்சம் கேட்க முடியாது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றிய கணவன், 'நான் செய்த திருமணம் செல்லாது, அதனால் நான் சோறு போட வேண்டியதில்லை' என்று தன் குற்றத்தையே கேடயமாக்கிக்கொள்ள முடிந்தது. கால் நூற்றாண்டு கழித்து 2013இல் அதே நீதிமன்றம், கணவன் மறைத்திருந்தால் ஜீவனாம்சப் பிரிவின் நோக்கத்துக்கு அவளை மனைவியாகவே கொள்ள வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், செல்லாதென அறிவிக்கப்பட்ட திருமணத்திலும் நிரந்தர ஜீவனாம்சம் வழங்கலாம் என்று கூறியது. பிரான்சுக்கு இந்த வேலை நெப்போலியன் காலத்திலேயே முடிந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு மணந்தவருக்கு, திருமணம் செல்லாமல் போனாலும் அதுவரையிலான பலன்கள் எல்லாம் உண்டு என்று அந்நாட்டு உரிமையியல் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கலிஃபோர்னியாவிலும், திருமணம் செல்லும் என்று நம்பி வாழ்ந்தவருக்குச் சேர்ந்து ஈட்டிய சொத்தில் பங்கு உண்டு.

இஸ்லாமியச் சட்டம் இதில் இன்னும் நுட்பமானது. அடியோடு செல்லாத திருமணத்துக்கும் முறைகேடான திருமணத்துக்கும் அது வேறுபாடு வைத்திருக்கிறது. மனைவி உயிரோடிருக்க அவள் தங்கையை மணந்த ஒருவரின் வழக்கில், அது முறைகேடான திருமணமே, நீதிமன்றம் செல்லாதென அறிவிக்கும்வரை அவளுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நிலையில் ஓர் இந்துப் பெண் அன்று வெறுங்கையோடு திரும்பியிருப்பாள். மதம் மாறி இரண்டாம் திருமணம் செய்துகொள்ளும் தந்திரத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1960களில், அன்று அந்நாட்டுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதற்குக் கதவு திறந்துவிட்டது. பிறகு இலங்கையின் உச்ச நீதிமன்றமே அந்தக் கதவை மூடியது. இந்தியாவில் 1995இல் மூடப்பட்டது.

நம் சட்டத்தில் இன்னொரு வினோதம் உண்டு. இரண்டாம் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி இந்து திருமணச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்ய, அந்தத் திருமணத்தின் மணமகனுக்கோ மணமகளுக்கோ மட்டுமே உரிமை. எவள் வீட்டில் இடி விழுந்ததோ அந்த முதல் மனைவி, தனியே உரிமையியல் வழக்குப் போட வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் நம் சட்டம் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறது. பெற்றோரின் திருமணம் செல்லாது என்றாலும் பிள்ளைகள் சட்டபூர்வமானவர்கள். ஆனால் பெற்றோரின் சொத்தில் மட்டுமே பங்கு, மற்ற உறவினர் சொத்தில் இல்லை. பெற்றோரின் சொத்து என்பதற்குள் கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரவேண்டிய பங்கும் அடங்குமா என்ற சண்டை பல ஆண்டுகள் நடந்தது. அடங்கும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அப்பா இறப்பதற்கு ஒரு நொடி முன் பாகப்பிரிவினை நடந்ததாகக் கற்பனை செய்து, அவருக்கு விழும் பங்கில் இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும்.

குழந்தைத் திருமணத்தில் நாடுகள் எல்லாமே தடுமாறுகின்றன. நம் இந்து திருமணச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று நிபந்தனை போட்டுவிட்டு, மீறினால் செல்லாது என்று எங்குமே சொல்லவில்லை. தண்டனை உண்டு, திருமணமும் நிற்கும். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அதை ரத்து செய்யத்தக்கதாக மாற்றியது. பெண் 20 வயது முடியும்வரை வழக்குப் போடலாம். கடத்தியோ விற்றோ கட்டிவைத்திருந்தால் அடியோடு செல்லாது. கர்நாடகம் தன் பங்குக்குச் சட்டத்தைத் திருத்தி, குழந்தைத் திருமணம் எதுவானாலும் தொடக்கம் முதலே செல்லாது என்று ஆக்கியது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2023 பிப்ரவரி முதல் 18 வயதுக்கு உட்பட்ட திருமணத்தைச் செல்லாததாக்கிவிட்டன. பெற்றோர் சம்மதம் இருந்தாலும் பயனில்லை.

கடுமையாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். அகதிகள் வருகைக்குப் பிறகு 2017இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. மணக்கும்போது ஒருவருக்கு 16 வயது நிரம்பவில்லை என்றால், வெளிநாட்டில் நடந்த திருமணமும் தானாகவே செல்லாது. சிரியாவில் 14 வயதில் 21 வயது இளைஞரை மணந்து, ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கு, சட்டம் வரும் முன்பே தொடங்கி, அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனது. 2023இல் அந்த நீதிமன்றம், குழந்தைகளைக் காக்கும் நோக்கம் சரி, சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. திருமணம் இல்லை என்று அறிவித்துவிட்டு அந்தச் சிறுமிக்கு ஜீவனாம்சம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வயது வந்தபின் அவளே விரும்பினால் அந்தத் திருமணத்தைத் தொடர வழியும் இல்லை. நாடாளுமன்றம் 2024இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. நம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண் மறுமணம் செய்யும்வரை கணவன் தரப்பு ஜீவனாம்சம் தர வேண்டும் என்றும், பிள்ளைகள் சட்டபூர்வமானவர்கள் என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நம் சட்டங்களைக் குறை சொல்லவே நேரம் போதாது என்பதால், பாராட்டக் கிடைத்த இந்த ஓர் இடத்தை விட மனமில்லை.

மோசடிக்கு வருவோம். எதை மறைத்தால் மோசடி? நம் சட்டத்தில் 1976 திருத்தத்துக்குப் பிறகு, எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான எந்த உண்மையை மறைத்தாலும் போதும். ஆனால் உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தெரிந்த பிறகும் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்தால் உரிமை போயிற்று. ஜப்பானில் இந்தக் கெடு மூன்றே மாதம். சீனாவின் 2021 உரிமையியல் சட்டத் தொகுப்பு, கடும் நோயை மறைத்து மணந்தால் மற்றவர் ஓராண்டுக்குள் ரத்து கோரலாம் என்கிறது. அதற்கு முன் சில நோய்கள் இருந்தாலே திருமணம் செல்லாது என்ற நிலை இருந்தது. நோயல்ல, மறைத்ததே குறை என்று மாற்றியது நியாயமான மாற்றம்.

பிரான்சில் ஒருவரின் 'அடிப்படைப் பண்புகள்' பற்றி ஏமாந்திருந்தால் ஐந்தாண்டுக்குள் ரத்து கேட்கலாம். இந்த இரண்டு சொற்களுக்குள் என்னென்ன அடங்கும் என்பதில் 2008இல் நாடே கொந்தளித்தது. மணமகள் தான் கன்னி என்று பொய் சொன்னதாகக் கணவர் வழக்குப் போட்டார். அவளும் எதிர்க்கவில்லை. லில் நகர நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தது. பெண்ணின் உடலை விலைபோகும் சரக்காக்கும் தீர்ப்பு என்று அமைச்சர்கள் முதல் பெண்ணியவாதிகள் வரை கொதித்தார்கள். அரசுத் தரப்பே மேல்முறையீட்டுக்குப் போனது. கன்னித்தன்மை திருமணத்துக்கு அடிப்படைப் பண்பு அல்ல என்று நவம்பரில் தூவே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. தீர்ப்பு சரியானதே. ஆனால் கோட்பாடு வென்ற அந்தக் கணத்தில், பிரியவே விரும்பிய இருவரும் சட்டத்தின் கண்ணில் மறுபடி கணவன் மனைவி ஆனார்கள்.

செல்லாத திருமணத்தைவிட மோசமான நிலையும் உண்டு. 1998இல் லண்டன் உணவகம் ஒன்றில் நிக்காஹ் செய்துகொண்ட ஒரு தம்பதி 18 ஆண்டு வாழ்ந்தார்கள். நான்கு குழந்தைகள். பதிவுத் திருமணத்தைப் பிறகு செய்துகொள்ளலாம் என்ற பேச்சு பேச்சாகவே நின்றுவிட்டது. பிரிந்தபோது, இது 'செல்லாத திருமணம்' என்று 2018இல் ஒரு நீதிபதி சொன்னது அந்தப் பெண்ணுக்குப் பெரிய வெற்றி. இங்கிலாந்தில் செல்லாதது என்று தீர்ப்பு வாங்கினால் விவாகரத்தில் கிடைக்கும் அதே பொருளாதார உரிமைகள் உண்டு. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பதிவுச் சட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காத சடங்கு செல்லாத திருமணம்கூட அல்ல, அது திருமணக் கணக்கிலேயே வராது; எனவே எந்த உரிமையும் இல்லை என்றது. திருமணப் பதிவுக்கு அங்கீகாரம் பெறாத கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவைத் தள்ளிப்போடும் லண்டன் தமிழர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

நம் நாட்டில் தவறு நேரெதிர்ப் பக்கம் நடக்கிறது. சடங்கு எதுவும் செய்யாமல், சான்றிதழ் வாங்கிப் பதிவு மட்டும் செய்துகொண்ட ஒரு தம்பதி இந்து திருமணச் சட்டப்படி மணந்தவர்களே அல்ல என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியது. லண்டனில் பதிவு இல்லாத சடங்கு வீண், இங்கே சடங்கு இல்லாத பதிவு வீண். சடங்கு வேண்டாம் என்று கருதுபவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணமும் இருக்கிறது. புரோகிதரும் தீவலமும் இல்லாத அந்தத் திருமணங்கள் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அப்படி மணந்த எத்தனையோ தம்பதிகளின் நிலை கேள்விக்குறியானது. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7-ஏ பிரிவு, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும் என்றது. முன்பே நடந்தவற்றுக்கும் உயிர் கொடுத்தது.

விவாகரத்துக் கதவு மூடியிருக்கும் நாடுகளில் செல்லாமை என்பது பின்வாசல் ஆகிவிடும். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்கள் தவிரப் பெரும்பாலோருக்கு விவாகரத்தே கிடையாது. அங்கே எல்லோரும் தட்டுவது குடும்பச் சட்டத்தின் 36ஆம் பிரிவை: திருமணக் கடமைகளை ஏற்க மனத்தகுதி இல்லாதவர் செய்த திருமணம் தொடக்கம் முதலே செல்லாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு அது. வாழ்ந்து கசந்தவர்கள், மணநாளிலேயே துணைவருக்குத் தகுதி இல்லை என்று உளவியல் நிபுணரைக் கூப்பிட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. இது மருத்துவக் கேள்வி அல்ல, சட்டக் கேள்வி என்று 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சற்றே தளர்த்தியது. சிலியில் 2004வரை நடந்தது இன்னும் வேடிக்கை. மணந்துவைத்த பதிவாளருக்கு அதிகாரமே இல்லை, ஏனென்றால் மணமக்கள் இருவருமே அப்போது அந்தப் பகுதியில் குடியிருக்கவில்லை என்று சாட்சிகள் பொய் சொல்வார்கள். பொய் என்று நீதிபதிக்கும் தெரியும். திருமணம் செல்லாதென்று தீர்ப்பு வந்துவிடும். நியூயார்க்கிலும் 1967வரை விவாகரத்துக்குப் பிறன்மனை உறவு ஒன்றே காரணம் என்பதால், மோசடி என்று சொல்லி ரத்து வாங்குவது பெரிய அளவில் நடந்தது.

கடைசியாக, வெளிநாடு போகும் எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒன்று. 'என் முதல் திருமணம் எப்படியும் செல்லாததுதானே' என்று நினைத்து, தீர்ப்பு வாங்காமல் அடுத்த திருமணத்துக்குப் போகாதீர்கள். தொடக்கம் முதலே செல்லாத திருமணத்துக்கு இந்தியாவில் தீர்ப்பு கட்டாயம் இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸில் மறுமணத்துக்கு முன் இறுதித் தீர்ப்பு இருந்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் இருதார மணமானாலும் ரத்தாகும்வரை நிற்கும். விசா அலுவலகங்களும் வெளிநாட்டுப் பதிவாளர்களும் கேட்பது வாதத்தை அல்ல, காகிதத்தை. குடும்ப நீதிமன்றத்தில் செல்லாமை அறிவிப்பு வாங்கி, சான்றிட்ட நகலும் மொழிபெயர்ப்பும் வைத்துக்கொண்டு பிறகு புறப்படுங்கள்.